ஆள் இருக்கிறாரா?

பெரிய காஞ்சிபுரத்தில் ரேணுகாம்பாள் அக்காவின் பட்டறைக்கு நான் போனபோது மதியம் மூன்று மணி. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பட்டுத்தறிக்கான டிசைன் அட்டைகளில் துளை போடும் மெஷின் அங்கே ஒன்று இருக்கிறது. அதை ஓட்டும் புரோகிராமுக்கு என் வயதிருக்கும். அது இருந்த கம்ப்யூட்டர் போன மாதம் செத்துப்போனது.

பழைய புரோகிராம்களைப் புது கம்ப்யூட்டரில் ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. அவை கேட்கும் கேள்விகள் புது சிஸ்டத்துக்குப் புரியாது. அதனால் நடுவில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைப்பேன். எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்லும். பாதி பதில்கள் பொய். அப்படி ஏமாற்றி ஓட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்தப் புரோகிராம் ஒவ்வொரு அட்டைக்கும் முன்னால் ஒரே கேள்வியைக் கேட்டது. ஆள் இருக்கிறாரா?

நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஆள் உட்கார்ந்தால்தான் ஊசிகள் இறங்கும். எழுந்தால் நின்றுவிடும், கை தப்பும். மெஷினை என் லேப்டாப்போடு இணைத்திருந்தேன், ஆனால் அந்த சுவிட்சின் ஒயரைச் செருக அதில் இடமில்லை. சோதனைக்குத்தானே என்று, எப்போது கேட்டாலும் "இருக்கிறார்" என்று சொல்லும்படி எழுதிவிட்டேன்.

காலி நாற்காலிக்கு முன்னால் மெஷின் வரிசையாக நாற்பது அட்டை குத்தியது.

"யாரும்மா உக்காந்துக்கினு ஓட்டறது?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"யாருமில்லக்கா. ஆள் இருக்குதுன்னு நான்தான் பொய் சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்டி சொல்லாதம்மா. எங்க வீட்டுக்காரருக்கு அந்த நாற்காலியிலதான் உசுரு போச்சு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் அந்தப் பொய்யோடு மெஷினை விட்டுப் போக முடியாது, யார் விரலாவது போய்விடும். பதிலை "இல்லை" என்று மாற்றினேன். மெஷின் நின்றது.

"இப்ப கை வெக்கலாமா?"

"தாராளமா வெய்ங்கக்கா."

கோணலாகச் சிக்கியிருந்த அட்டையை எடுக்க, அக்கா ஊசிகளுக்கு அடியில் கையை விட்டார்.

எங்கிருந்தோ வெற்றிலை புகையிலை வாசனை வந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது.

அதன் ரெக்ஸின் மெத்தை மெல்ல அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

என் திரையில் கேள்வி வந்து நின்றது. ஆள் இருக்கிறாரா?

இருக்கிறார்.

அது நான் மாற்றி வைத்த பதில் இல்லை.

"அக்கா, கை!" தோளைப் பிடித்து இழுத்தேன். ஊசிகள் தடதடவென்று இறங்கின. விரல்கள் தப்பின, ஒரு கண்ணாடி வளையல் மட்டும் நொறுங்கிக் கிடந்தது.

மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். அக்கா நாற்காலியைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"ஏங்க... என் கைங்க அது."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெத்தை மெதுவாக மேலெழுந்தது. திரையில் கடைசியாக ஒரு வரி விழுந்தது. எழுந்துவிட்டார்.

லேப்டாப்பை மூடிப் பைக்குள் திணித்துக்கொண்டு மழையிலேயே ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் புரோகிராமை அழிக்க சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒயர் இல்லை, மெஷின் இல்லை. ஆனாலும் கேள்வி காத்திருந்தது.

ஆள் இருக்கிறாரா?

எழுதியவளே நான்தானே. "இல்லை" என்று டைப் அடித்தேன்.

வெற்றிலை வாசனை.

சோபா கிரீச்சிட்டது. நான் அசையவே இல்லை. ஆனால் பக்கத்து மெத்தை அமுங்க அமுங்க, என் உடம்பு அந்தப் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது.