இரண்டு நாற்பதுக்கு விழுந்த தலைவர்

மர்ஷூதாவின் போன் அலறியது.

நெசவாளர் சங்கத் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார்!

"புள்ள... என்னக் கொன்னு போட்டானுகள்!"

அவள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஹாஜியார்... நீங்க கதைக்கிறீங்களே!"

"நான் கதைக்கிறன். கம்பியூட்டருக்குள்ள இரிக்கிற நான்தான் மௌத்து! செத்து, சாரக் கடைக்குள்ள விழுந்து கெடக்கன். ஓடி வா புள்ள!"

மணி மூன்று பத்து.

மர்ஷூதா சைக்கிளை மிதித்தாள். மருதமுனை வெயில் மண்டையைப் பிளந்தது. அதைவிடப் பயம் விரட்டியது.

பயம் இருக்காதா பின்னே? இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரம் விற்க, மெய்நிகர் உலகத்தில் ஒரு கடை கட்டித் தருகிறேன் என்று சங்கத்திடம் சொல்லி, மூன்று மாதம் பாடுபட்டுக் கட்டியவள் அவள். நாலு மணிக்குத் திறப்பு விழா. மாலைதீவு ஹோட்டல்காரி ஒருத்தி கம்பியூட்டர் வழியாகக் கடைக்குள் வருவாள். சரக்குப் பிடித்தால் நாற்பது தறிக்கு வேலை. பிடிக்காவிட்டால் தறியெல்லாம் சும்மா கிடக்கும். மர்ஷூதாவுக்கு இதுதான் முதல் வேலை... சொதப்பினால் இதுதான் கடைசி வேலையும்!

சங்கக் கட்டடத்தில் ஹாஜியார் நின்றிருந்தார். உயிரோடுதான்! பக்கத்தில் உப தலைவர் றஸாக், முகம் வெளுத்துப்போய். நடுவில்...

பொலிஸ்!

"சார்ஜன்ட் கதிர்காமத்தம்பி," என்றார் அவர், தொப்பையைத் தடவியபடி. "கொலை எண்டு போன் வந்தது. பிரேதம் எங்க தங்கச்சி?"

மர்ஷூதா திரையைக் காட்டினாள்.

கடை... அடுக்கடுக்காய்ச் சாரங்கள்... அவற்றின் மேல், நீலக் கட்டம் போட்ட சாரத்தோடு ஒருக்களித்துக் கிடந்தது ஹாஜியாரின் பொம்மை! வருகிறவர்களை வரவேற்றுப் பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டிய பொம்மை.

சார்ஜன்ட் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "செத்தவர்ர பெயர்?"

"கலாபூஷணம், தேசகீர்த்தி, சாமஸ்ரீ, அகில இலங்கை சமாதான நீதவான், அல்ஹாஜ்..."

"பெயரக் கேட்டன் ஹாஜியார்."

"அதுதான் வந்துகொண்டிரிக்கி!" ஹாஜியார் சீறினார். "செஞ்சது இந்த றஸாக்தான்! தலைவர் தெரிவுல தோத்த கோவம்!"

"அல்லாஹ் மேல ஆணையா நான் இல்ல காக்கா! அண்ணன் மாதிரி இரிக்கிற ஒங்கள நான் கொல்லுவனா? எனக்கு வட்சப்பே ஒழுங்காத் தெரியாது!"

மணி மூன்றரை!

"வெலகுங்க. அஞ்சி நிமிசத்துல எழுப்பிருவன்." மர்ஷூதா விசைப்பலகைக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!" சார்ஜன்ட் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "இது சம்பவ இடம். விசாரணை முடியுமட்டும் ஒண்டையும் தொடப்படாது!"

"நாலு மணிக்கு ஆள் வருது ஐயா!"

"மந்திரி வந்தாலும் அப்பிடித்தான். சொல்லுங்க... இந்தப் பொம்மைக்கு உயிர் எங்க இரிக்கு?"

மணியைப் பார்த்தபடி சொன்னாள் மர்ஷூதா. "ஸ்கிரிப்ட்ல. பொம்மை என்ன செய்யணும், என்ன கதைக்கணும் எண்டு அதுலதான் எழுதி வெச்சிரிக்கி. ஒரு பொம்மைக்குக் கொஞ்ச எடந்தான் தருவாங்க. நெறஞ்சி வழிஞ்சா விழுந்துரும். அதால நேத்து அதச் சுருக்கினன்."

"எதால?" சார்ஜன்டின் கண் மின்னியது. ஆயுதம்!

"ஒரு கருவி. திரையில ஒரு கறுப்பு ஜன்னலத் தொறந்து ஒரு வரி டைப் பண்ணினாப் போதும். தேவல்லாத வரியெல்லாம் வெட்டும். ஒரே விசயம் பல தரம் வந்தா, ஒருக்கா மட்டும் எழுதி வெச்சிக்கிட்டு, மத்த எடமெல்லாம் ஒரு எழுத்துப் போடும்."

"வெ...ட்...டும்," என்று எழுதிக்கொண்டார் சார்ஜன்ட்.

"வெட்டின பொறகும் நல்லாத்தானே இருந்தாரு!" றஸாக் பாய்ந்தார். "நேத்துப் பின்னேரம் பன்னிரண்டு நிமிசமும் கதைச்சாரே! நான்தானே இருந்து கேட்டன்!" அந்த வேதனை இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

"அப்ப அதுக்குப் பிறகு ஆரோ தொட்டிருக்கினம்... இல்லையா தங்கச்சி?"

"ஓம். ஆரு, எப்ப மாத்தின எண்டு பதிஞ்சிரிக்கும். ஆனா பார்க்கிறதுக்குத் தொடணுமே?"

சார்ஜன்ட் யோசித்தார். மணி மூன்று ஐம்பது! யோசித்து முடித்து, அவள் காட்டிய இடத்தில் ஒற்றை விரலால் தட்டினார்.

"இண்டைக்குப் பகல், ரெண்டு நாற்பது. மாத்தினவர்... கலாபூஷணம், தேசகீர்த்தி..."

மிச்சத்தை அவர் வாசிக்கவில்லை.

எல்லாக் கண்களும் ஹாஜியார் பக்கம் திரும்பின!

"தலைவருக்கு இல்லாத பாஸ்வேர்டா?" ஹாஜியார் தடுமாறினார். "பேச்ச ஒருக்காப் படிச்சிப் பார்ப்பமெண்டு தொறந்தன். என்ட பேர் வாற நாப்பத்தி மூணு எடத்துலயும் 'ஏ' எண்டு ஒத்தை எழுத்துக் கெடக்கு! ஊரு பேரு இல்லாதவன் மாதிரி! மனம் பொறுக்கல்ல. பழச எடுத்துத் திருப்பி ஒட்டிட்டன்... புதுசாக் கெடச்ச பதினோராவது பட்டத்தையும் சேர்த்து."

"அந்த 'ஏ'தான் ஹாஜியார் ஒங்கட பட்டமெல்லாம்!" மர்ஷூதா வெடித்தாள். மூன்று மாத ஆத்திரம்! "வாயத் தொறந்தா நாப்பத்தி மூணு எடத்துலயும் முழுசா வந்திரிக்கும். இப்ப எடம் பத்தாம மூச்சு முட்டி விழுந்து கெடக்கு!"

சார்ஜன்ட் 'கொலை' என்பதை வெட்டிவிட்டு 'தற்கொலை' என்று எழுதினார்.

டிங்!

நாலு மணி. கடைக்குள் ஒரு பெண் உருவம் நுழைந்தது.

மாலைதீவு ஹோட்டல்காரி!

இனி எழுப்ப நேரமில்லை. பிரேதத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள் அவள்... குனிந்து பார்த்தாள்... நின்றாள். மர்ஷூதா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போச்சு!

ஒலிபெருக்கியில் ஆங்கிலம் கொட்டியது.

"என்ன புள்ள சொல்றா?" ஹாஜியார் பதறினார்.

மர்ஷூதா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள். "இந்தச் சாரத்தக் கட்டிக்கிட்டு மனுசன் எவ்வளவு நிம்மதியாத் தூங்குறாரு எண்டு கேக்கா... மத்தக் கடையிலயெல்லாம் பொம்மை கதைச்சே ஆளக் கொல்லுமாம்... அவட ஹோட்டல்ல தூங்க வாற ஆக்களுக்கு... மூவாயிரம் சாரம் வேணுமாம்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" றஸாக் துள்ளிவிட்டார்.

"ஆனா ஒரு நிபந்தனையாம். சரக்கு முடியுமட்டும் அந்த மனுசன எழுப்பப்படாதாம்."

ஹாஜியாரின் முகம் சுருங்கியது.

"அப்ப என்ட பேச்சு? என்ட பட்டம்?"

மர்ஷூதா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பட்டத்துக்கு என்ன கொறை ஹாஜியார்? பன்னிரண்டாவது இப்பதானே கெடச்சிரிக்கி. மௌத்தான ஆக்களுக்கு மட்டும் குடுக்கிற பட்டம்... மர்ஹூம்!"