சோளக்காட்டில் யாரோ மருந்தடிக்கிறார்கள்!

செல்போன் அலறியது.

காலை ஏழு மணி. கோலா தெர்லா ஊரைத் தாண்டிய மலைத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் லயத்து ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தவிர வேறெதுவும் இல்லை.

மருந்தடிக்கும் கங்காணி நாகரத்தினம் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார்.

புனிதன்!



இவருக்குக் கீழே மருந்தடித்த புனிதன் செத்து இருபத்தொரு நாள் ஆகிறது. பாடையைத் தூக்கிய நாலு பேரில் இவரும் ஒருவர்!

பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார்.

"ஹலோ...?"

பதில் இல்லை. ஒரு சத்தம் மட்டும்...

கிரீச்... புஸ்ஸ்ஸ்... கிரீச்... புஸ்ஸ்ஸ்...

முதுகில் மாட்டும் மருந்துப் பம்பின் சத்தம்! முப்பது வருடமாக இவர் கேட்டுப் பழகிய சத்தம்.

லைன் அறுந்தது.

"யாருங்க போன்ல?" அடுப்படியிலிருந்து மனைவி மணியம்மா எட்டிப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ராங் நம்பர்."

"மூணு நாளா அதே ராங் நம்பரா? ராத்திரி தூக்கத்துல வேற, 'வராதடா, வராதடா'ன்னு உளர்றீங்க. கோயில்ல போய் ஒரு கயிறு கட்டிட்டு வாங்க லா!"

"வாய மூடு!"

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

இனியும் தாங்க முடியாது. போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்!

தேயிலைச் சரிவில் இறங்கினார். இருபுறமும் கொப்புள நோய் விழுந்த செடிகள். கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

அந்த நோய்க்கு இவர்தான் காரணம்!

தோட்டத்து ஸ்டோரில் இருந்த நல்ல பூஞ்சை மருந்தைக் கம்போங் ராஜா காய்கறித் தோட்டங்களுக்குக் கடத்தினார். டிரம்மில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி வைத்தார். வெறும் தண்ணீரை அடித்தால் நோய் போகுமா? பரவியது.

புனிதன் அதைக் கண்டுபிடித்தான்.

'அண்ணே, திங்கக்கிழமை தொரைகிட்ட சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க' என்றான். முகத்துக்கு நேராக!

அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு வரவே இல்லை.

தோட்டத்து எல்லைக்குக் கீழே, ஆற்றோரம், புனிதன் சொந்தமாகச் சோளம் போட்டிருந்தான். இலையில் துருநோய். ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்கப் போவதாக லயம் பூராவும் சொல்லிவைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகரத்தினம் அவன் கொட்டகைக்குள் புகுந்தார். போத்தலில் இருந்த பூஞ்சை மருந்தைக் கொட்டினார். புல்லைக் கருக்கி, தோலில் ஊறினால் ஆளையும் கொல்லும், தடை செய்யப்பட்ட புல்லு மருந்தை ஊற்றினார்.

புனிதனின் பம்பு ஒழுகும். முதுகெல்லாம் நனையும். அது போதும் என்று கணக்குப் போட்டார்.

ஞாயிறு காலை, சோளத்துக்கு நடுவில் புனிதன் பிணமாகக் கிடந்தான்.

'மருந்து ஏறிடுச்சு' என்றது லயம். நாகரத்தினம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பனிக்குள் எந்தச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு நின்று நின்று அடித்தது. இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை...

இன்றுதான் வருகிறார்.

சோளக்காட்டின் ஓரத்தில் நின்றார்.



புல்லு மருந்து பட்ட சோளம் கருகிச் செத்திருக்க வேண்டும். ஆனால்... பச்சை! துருப்பிடித்த பழைய இலைகளுக்கு மேலே, ஒரு புள்ளிகூட இல்லாத புது இலைகள்! யாரோ ஒழுங்காக மருந்து அடித்திருக்கிறார்கள்.

யார்?

கிரீச்... புஸ்ஸ்ஸ்...

பனி விலகியது.

மஞ்சள் மழைக்கோட்டு. முகத்தில் மாஸ்க். முதுகில் பம்பு. புனிதனின் கோட்டு! புனிதனின் பம்பு!

அந்த உருவம் திரும்பியது. கையைத் தூக்கியது.

"அ...ண்...ணே...!"

"ஐயோ! வராத! நான்தாண்டா ஊத்துனேன்! நான்தான்! விட்டுடு...!"

நாகரத்தினம் அலறிக்கொண்டு ஓடினார். ஒரு கால் செருப்பு சேற்றில் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. மெயின் ரோட்டில் போன முட்டைக்கோஸ் லோரியை மறித்து ஏறினார்.

"எங்க போவணும்?" என்றான் டிரைவர்.

"போலீஸ்!"

ஒரு மணி நேரம் கழித்து, இன்ஸ்பெக்டர் தனுஜாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருந்தார். கான்ஸ்டபிள் கோகிலன் டைப் செய்தான்.

"கையெழுத்து போடுங்க" என்றாள் தனுஜா.

போட்டார். பெருமூச்சு வந்தது. "இனிமே அவன் வரமாட்டான் இல்ல மேடம்?"

"யாரு?"

"புனிதன்! தெனமும் போன் பண்றான்... சோளத்துக்கு மருந்து அடிக்கிறான்..."

தனுஜா கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உள்ள வாங்கம்மா."

மஞ்சள் மழைக்கோட்டோடு, மூச்சிரைக்க ஒருத்தி வந்தாள். புனிதனின் மனைவி பவளம்!

"நீயா...?"

"மருந்து எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ கலக்கறதுன்னு கேக்கத்தாண்ணே அவரு போன்லேருந்து கூப்ட்டேன். ஆத்தோரத்துல சிக்னல் சரியில்ல, பம்பு சத்தத்துல நான் பேசுனது கேக்கல போல. நேர்ல பாத்தா அலறிட்டு ஓடுறீங்க... 'நான்தான் ஊத்துனேன்'னு. அதச் சொல்லத்தான் இங்க ஓடி வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "அவரு உங்கள ஒருநாளும் மரியாதை இல்லாம பேசுனதில்லையேண்ணே!"



"இன்னொரு விஷயம்" என்றாள் தனுஜா. "புனிதன் மாரடைப்புல செத்தாரு. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல அப்பவே வந்துடுச்சு."

"எ... என்ன?"

"மருந்து கலக்குறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாரு, பம்புல தண்ணி மட்டும்தான் இருந்துச்சு. போத்தல திறக்கவே இல்ல. திறந்து அடிச்சிருந்தா, சோளம் அன்னிக்கே கருகியிருக்கும். முப்பது வருஷம் மருந்தடிச்ச உங்களுக்கு இது தோணலையா?"



"போன வாரம் பவளம்மா அந்தப் போத்தல திறந்தாங்க. பால் மாதிரி இருக்க வேண்டியது பச்சையா இருந்துச்சு, நாத்தம் வேற. வேற மருந்து வாங்கி அடிச்சிட்டு, இத நேரா இங்க கொண்டு வந்துட்டாங்க. மாத்துனது யாருன்னு தெரியாம நாங்க முழிச்சிட்டிருந்தோம். கூப்புடாமலே நீங்களே லோரி புடிச்சு வந்துட்டீங்க!"

"அப்ப... அப்ப நான் கொலகாரன் இல்ல! அந்தப் பேப்பரக் கிழிச்சிடுங்க மேடம்!"

கோகிலன் தலையைச் சொறிந்தான். "மேடம், நான் 'கொலை'ன்னு டைப் பண்ணிட்டேனே... அழிச்சிடட்டா?"

"அழிக்காத லா! பக்கத்துல 'முயற்சி'ன்னு சேத்து மறுபடியும் கையெழுத்து வாங்கு. மனுஷன் இவ்ளோ பாடுபட்டிருக்காரு, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"