தேயாத மின்கலம்

செவ்வாயில் காலை கண் விழித்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, விலா எலும்புக்குக் கீழே பதித்த மூடியைத் திறந்து மூச்சுப்பெட்டியின் மின்கலத்தை மாற்றுவது. பல் துலக்குவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

செவ்வாயின் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து இரத்தத்தில் கலப்பது அந்தப் பெட்டி. அதை ஓட்டியது சோடியம் மின்கலம். சோடியத்துக்குப் பஞ்சமில்லை, மண்ணிலேயே கிடைத்தது. குறை நேர்முனையில்தான். அதன் அடுக்குகளுக்கிடையே சோடியம் அயனிகள் போவதும் வருவதுமாக இருக்க, அடுக்குகள் மெல்லச் சரிந்து, விரிசல் விட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கலம் நின்றுவிடும். போன புழுதிப் பருவத்தில் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகிழ்நன் அப்படித்தான் மயங்கி விழுந்தான்.

அவன் மனைவி இசைவாணி பொருளறிவியல் ஆய்வாளர். அன்றிலிருந்து அவளுக்கு வேறு சிந்தனையே இல்லை. கடைசியில் இடம்விட்டு நகராத மெக்னீசிய அயனிகளை அடுக்குகளுக்கு நடுவே தூண்களாக நிறுத்தினாள். ஆய்வகத்தில் தாங்கியது. ஒரு பருவம் மனித உடம்பிலும் தாங்கினால் ஊருக்கே தரலாம் என்றது ஊர்மன்றம். சில வீடுகளுக்குக் கொடுத்தாள். முதல் கலம் மகிழ்நனுக்கு.

இன்று அவை ஆய்வுக்குத் திரும்பி வந்திருந்தன.

"வாணிக்கா, ஒரு அடுக்குகூட நகரலை," என்றாள் உதவி ஆய்வாளர் ரூபாவதி. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த கலத்தை வைத்தாள்.

"அடுத்தது?"

"அதுவும் அப்படியேதான். நேத்து செஞ்ச மாதிரி இருக்கு."

வாணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே கணவனை அழைத்தாள்.

"ஏங்க, ஜெயிச்சிட்டோம். உங்க கலத்துல ஒரு கீறல்கூட இல்ல."

"எப்படி இருக்கும்? பீரோவுல பட்டுத்துணி சுத்தி வெச்சிருந்தேன்."

"என்னது?"

"எனக்காக நீ கண் முழிச்சுச் செஞ்சது. அதைப் போட்டுட்டுப் போய் சுரங்கப் புழுதியில வீணாக்கச் சொல்றியா? பழசெல்லாம் தீரட்டும்னு இருந்தேன்."

இதற்குள் ரூபாவதி, ஒவ்வொரு கலத்திலும் அதை எத்தனை முறை மின்னேற்றினார்கள் என்று காட்டும் மானியைப் பார்த்துவிட்டாள். எல்லாமே பூஜ்யம். அந்த வீடுகளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டதும் பதில்கள் வந்து விழுந்தன. ஒரு வீட்டில் சாமி அலமாரியில் இருந்ததாம். இன்னொரு வீட்டில் பெண்ணின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார்களாம்.

"மயங்கி விழுந்த மனுஷன் நீங்க," என்றாள் வாணி. "தேயாத பொருளைத் தேஞ்சிடும்னு யாராவது பூட்டி வெப்பாங்களா?"

"சரி, தப்புதான். உன்னோடது எங்க இருக்கு?"

அவள் கை தானாக விலாவைத் தொட்டது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பழைய ரகக் கலம். அவளுக்கென்று செய்த புதியது ஆய்வகப் பெட்டகத்தில், வெல்வெட் உறைக்குள், ஒரு கைரேகைகூடப் படாமல் இருந்தது.

"வாணி? லைன்ல இருக்கியா?"

"மன்றத்துக்கிட்ட இன்னொரு பருவம் கேக்கறேன்," என்றாள் மெதுவாக. "தீபாவளி வருதில்ல... அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே புதுசு போட்டுக்கலாம்."