தானே திரும்பிய விண்கலம்

"மேடம்! உங்க ப்ரோக்ராம் விண்கலத்தைக் கொன்னுடுச்சு!"

போனில் விண்வெளி மைய டைரக்டர் அலறினான்.

பேராசிரியை பாதி வகுப்பில் அப்படியே உறைந்தாள்.

பூமியைக் கேட்காமல், நட்சத்திரங்களைப் பார்த்து விண்கலம் தானே வழி கண்டுபிடிக்க வேண்டும்... அதற்காகவே தலை நரைத்தவள். போகிற கமிட்டியெல்லாம் உதட்டைப் பிதுக்கியது. கடைசியில் அவள் ப்ரோக்ராமையும் விண்கலத்தில் ஏற்றினார்கள்.

இயங்க விடாமல், பாஸ்வேர்ட் பூட்டுப் போட்டு!

ஓடி வந்தவளைக் கட்டுப்பாட்டு அறை வாசலிலேயே, டைரக்டர் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் வழிமறித்தார்.

"பூட்டி வச்ச ப்ரோக்ராமைத் திறந்து விட்டது நீங்கதானே?"

"நானா? திறக்கச் சொல்லிக் கெஞ்சி நாக்கு வறண்டதுதான் மிச்சம். நான் திறந்திருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன் சார்!"

"பாஸ்வேர்ட் உங்களோடது."

"டைரக்டருக்கும் தெரியும். என்கிட்ட படிச்சவன்தான்."

டைரக்டர் பாய்ந்து வந்தான்.

"பேச்சை மாத்தாதீங்க மேடம்! நான் போட்ட பாதையை விட்டு விலகிடுச்சு. சிக்னலும் போச்சு. விண்கல்லுல மோதியிருக்கும்!"

அவள் அறைக்குள் ஓடினாள். முதல் தடவையா ஓட விட்டாங்க... அதுவும் இப்படியா?

"மேடம்!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளம் என்ஜினீயர் துள்ளி எழுந்தாள்.

"சிக்னல் வருது! விண்கல்லுக்குப் பின்னால மறைஞ்சிருந்திருக்கு... அவ்வளவுதான்!"

திரையில் படம் விரிந்தது. கரடுமுரடான பெரிய பாறை. விண்கலம் அதை உரசாமல் தாண்டியிருந்தது!

பேராசிரியை எண்களை மேய்ந்தாள். நெற்றி சுருங்கியது.

"பழைய பாதையிலயே போயிருந்தா?"

என்ஜினீயர் விசைகளைத் தட்டினாள். முகம் வெளுத்தது.

"நேரா பாறை மேலதான் மேடம்..."



பேராசிரியை டைரக்டர் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"கணக்குல கோட்டை விட்டது உனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா நாற்காலி போயிடும். அதான் என் ப்ரோக்ராமைத் திறந்துட்டே... மோதினா பழி என் தலையில. இல்லையா?"

"ஆ... ஆதாரம்?"

"திறக்கற கட்டளை உங்க ரூம்லேர்ந்துதான் போயிருக்கு சார்," என்றாள் என்ஜினீயர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

டைரக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மேடம்... சத்தியமா... அது வேலை செய்யும்னு நான் நினைக்கவே இல்ல!"

"கடைசி வரைக்கும் நம்பலை பாரு!" பேராசிரியை மேஜையை ஓங்கி அறைந்தாள். "மாட்டிக்கிட்ட அப்புறமும் இதைத்தான் சொல்றே!"

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"நடங்க சார். விண்கலம் தானே வழி பார்த்துக்கும்... உங்களுக்குத்தான் நாங்க கூட வரணும்!"