குறையற்ற முட்டிகள்

நான்காவது முறையாகவும் காலளந்தான் பச்சை விளக்கைக் காட்டியது. நறுமுகைக்கு அதை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. எட்டி உதைக்கவும் கால் நேராக இருக்க வேண்டுமே.

"திருத்தம் தேவையில்லை. உங்கள் கால்கள் குறையற்றவை" என்று இயந்திரம் இனிமையாகப் பாராட்டியது.

"பாத்தீங்ளா?" என்றார் முனைவர் ருத்விக். கோவைப் பனிக்கூடத்தின் கால்நேர்மைத் தலைமை வல்லுநர். பட்டங்கள் அடங்காமல் கழுத்து அட்டையின் பின்பக்கத்துக்கும் வழிந்திருந்தன. "இப்படிக் கேக்கறதுக்கு ஜனங்க தவம் கெடக்கறாங்க."

"சார், நின்னா எனக்கு முட்டி ரெண்டும் ஒட்டுது. கணுக்காலுக்கு நடுவுல ஒரு கை போகுது. பள்ளிக்கூடத்துல என்னைய கத்திரிக்கோலுன்னுதான் கூப்பிடுவாங்க. இது குறையில்லாத காலா?"

"வெறுங்கண்ணுக்கு அப்படித்தானுங்க தெரியும்."

வெளியே நாற்பத்தாறு பாகை வெயில். உள்ளே, குளிரூட்டிய மண்டபத்தில் முந்நூறு மீட்டர் செயற்கைப் பனிச்சரிவு. சறுக்க வருபவர் முதலில் காலளந்தானின் இரண்டு தட்டுகளில் தட்டுக்கு ஒரு பாதமாக நிற்க வேண்டும். அது முட்டியையும் கணுக்காலையும் அளந்து, பூட்ஸுக்கு அடியில் பொருத்த வேண்டிய ஆப்பை அச்சடித்துத் தரும். முனைவர் அதைக் 'கோணத் திருத்தப் பட்டை' என்பார். அது தராத ஆப்பை யாராவது சொந்தமாக வைத்தால், பூட்ஸ் சறுக்குப்பலகையில் மாட்டவே மாட்டாது.

நறுமுகைக்குத் தேவை உள்பக்கம் தடித்த, மூன்று பாகை ஆப்பு இரண்டு. அது இல்லாததால் அவளுடைய பலகைகள் எப்போதும் உள்விளிம்பிலேயே நின்றன. திரும்பும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறின. மூன்று மணிக்கு மாநில அணித் தேர்வு. வயது வரம்பு முப்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்திரண்டு.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பத்துப் பேர் முட்டிகளை ஒட்டிக்கொண்டு, கழிப்பறையைத் தேடுபவர்களைப் போலச் சரிவில் இறங்கினார்கள். ஆறு பேர் விழுந்தார்கள்.

"இவங்கெல்லாம் இங்க வர்றப்ப நேராத்தானே நடந்து வந்தாங்க?"

"அதுதான் இல்லைங்க. எல்லாருக்கும் வில்லுக்கால். தமிழருக்கு மறைமுக வில்லுக்கால் உண்டுன்னு நான் கட்டுரையே எழுதியிருக்கறேன். ஆப்பு, மன்னிக்கணும், பட்டை வெச்சு முட்டியை உள்ள தள்ளிட்டோம். இணைமுட்டிப் பாணின்னு பேரு."

"விழுந்துட்டே இருக்காங்களே?"

"பழகணுமுங்க."

நறுமுகை தட்டிலிருந்து இறங்கினாள். அவள் டைல்ஸ் பதிக்கும் ஒப்பந்தக்காரர். கோணல் தரையை நாற்பதடி தள்ளி நின்றே மோப்பம் பிடிப்பவள். இத்தனை நாளும் இதைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வலது தட்டின் குறுக்கே வைத்தாள். குமிழி உள்பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. இடது தட்டிலும் அதேதான்.

"அம்மணி, அது நுண்கருவிங்க! கொத்தனார் சாமானை எல்லாம் மேல வெக்கக் கூடாது!"

அவள் குனிந்து, இரண்டு தட்டுகளுக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை விட்டாள். தட்டுகளின் உள்ஓரங்களுக்கு அடியிலிருந்து, கருத்து, சுருங்கி, கல்லாகிப்போன இரண்டு உருண்டைகள் வெளியே வந்தன.

"எலுமிச்சம்பழம்" என்றாள். "மிஷினுக்குப் பூசை போட்டீங்களா?"

"வந்த அன்னிக்கே. முறைப்படி." முனைவரின் குரல் ஒரு படி இறங்கியது. "புது வண்டிக்கு வெக்கற மாதிரி, தட்டுக்கு ஒண்ணு. பனிக்கூடத் தலைவர்தான் ஏறி மிதிச்சாரு."

"நசுங்குச்சான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

"அது துப்புரவுப் பிரிவுங்க."

தட்டுகள் மட்டத்துக்கு வந்தன. ஐந்தாவது முறை ஏறி நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "முட்டிகள் உள்நோக்கிச் சாய்ந்துள்ளன. திருத்தம் மூன்று பாகை" என்று அதே இனிமையோடு சொல்லி, இரண்டு ஆப்புகளைத் துப்பியது. தன் காலைக் குறை சொல்லக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அவளுக்கு அதுவே முதல்முறை.

முனைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் ஏறி நின்று பார்த்தார். பச்சை. தன் பூட்ஸுக்கு அடியில் இரண்டு வருடமாக இருக்கும் ஆப்புகளை நினைத்தாரோ என்னவோ, இறங்கிச் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டினார்.

"பதினோராயிரம் பேருக்குச் சான்று குடுத்திருக்கறோம்" என்றார் கடைசியில். "அடுத்த ஆய்வறிக்கையில பக்குவமா சொல்லிக்கலாமுங்க."

மூன்று மணிக்கு நறுமுகை சரிவின் உச்சியில் நின்றாள். பலகைகள் இரண்டும் பனியில் தட்டையாகப் படிந்திருந்தன. உந்தினாள். வளைவுகளில் எதுவும் எதையும் மிதிக்கவில்லை. வலது என்று நினைத்தால் வலது, இடது என்று நினைத்தால் இடது. மற்ற எல்லோரையும்விட நான்கு நொடி முன்னால் கீழே வந்து சேர்ந்தாள்.

அறிவிப்புத் திரையில் முடிவு ஒளிர்ந்தது. வேகம், முதலிடம். வடிவம், பூஜ்யம். தேர்வாகவில்லை.

தேர்வுக்குழுத் தலைவி கோமகளிடம் ஓடினாள். கோமகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் முட்டிகளை ஒட்டியே வைத்திருந்தார்.

"நாலு செகண்டுங்க! நாலு செகண்டு முன்னாடி வந்திருக்கறேன்!"

"வேகமாப் போறதுக்கு பஸ்ஸு இருக்குது கண்ணு. இங்க வடிவந்தான். உன் முட்டிக்கு நடுவுல ஆறு சென்டிமீட்டர் சந்து. பாக்கவே சங்கடமா இருந்துச்சு."

"இதுதான் சரியான வடிவம்னு யாரு முடிவு பண்ணுனது?"

"நாங்க பண்ணலை. பண்ணுனா வேண்டப்பட்டவங்களுக்குச் செஞ்சுட்டோம்பீங்க." கோமகள் தன் மேசைத்திரையை அவள் பக்கம் திருப்பினார். "மார்க்குப் போடற இந்த நடுக்கண் இயந்திரமே எல்லாச் சான்றையும் அலசி, பதினோராயிரம் பேருல திருத்தமே தேவைப்படாத ஒரே ஆளோட காலைப் போன மாசம் மாதிரியா எடுத்துக்கிச்சு. அதை ஒட்டி எல்லாருக்கும் மார்க்கு. எவ்வளவு நேர்மை பாரு."

திரையில் இரண்டு கால்கள். முட்டிகள் ஒட்டியிருந்தன. கணுக்கால்களுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. கீழே சிறிய எழுத்தில், 'ப. நறுமுகை, டைல்ஸ் ஒப்பந்தக்காரர், சிங்காநல்லூர்.'

"இது என்ற காலுங்க."

கோமகள் திரையைப் பார்த்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவள் கால்களைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது உண்மையான வருத்தம்.

"இப்படி ஒரு காலை வெச்சுக்கிட்டு, அதைப் போய் எதுக்கம்மணி கெடுத்துக்கிட்டே?"