அவருக்கான தோட்டா

புகைக் கொட்டகையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மீன்கூடக் குறையவில்லை.

லூகெரியா வாசலிலேயே நின்று கொடிகளைப் பார்த்தாள். கீறித் தொங்கவிட்ட வெள்ளிச் சால்மன்கள் எண்ணெய் வடிய, தொங்கவிட்டபடியே இருந்தன. கீழே சாம்பல் படிந்த மண்ணில் தடங்கள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தாலும் ஒரு தடம் நிரம்பாது. கரடி உள்ளே வந்திருக்கிறது, மீன்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. கதவின் மரக்கொக்கி உடையவில்லை. யாரோ கையால் தூக்கிவிட்டதுபோல மேலே நிமிர்ந்திருந்தது.

கோடியாக் தீவில் பிறந்தவளுக்குக் கரடி புதிதில்லை. அக்டோபரில் அது தூங்கப் போகுமுன் கொழுப்பேற்றிக்கொள்ள அலையும். கதவைப் பெயர்க்கும், பலகையைக் கிழிக்கும், படகில் ஒட்டிய மீன் செதிலைக்கூட நக்கிவிட்டுப் போகும். மீனுக்கு நடுவில் நின்றும் வாய் வைக்காத கரடியை அவள் கேள்விப்பட்டதே இல்லை. கொக்கியைப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த ஊர் வேட்டைக்காரர்கள் கரடியைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள், அதன் காதுக்கு எட்டிவிடும் என்று. மரியாதையாக 'அவர்' என்பார்கள். அவர் ஆற்றுப்பக்கம் இறங்கியிருக்கார், அவர் தூங்கப் போயிட்டார். லூகெரியாவும் தன் புருஷன் ஸ்பிரிடனை அப்படித்தான் சொல்லிப் பழகியவள். ஒரு வருஷமாகக் கடை வாசலில் யாராவது 'அவர் வந்துட்டுப் போயிருக்கார்' என்று சொன்னால் அவள் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு அடிக்கும்.

ஸ்பிரிடன் போன அக்டோபரில் தன் தம்பி எவ்லாம்பியுடன் மானுக்குப் போனார். மலை முகட்டில் இருவரும் பிரிந்தார்கள். ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது என்றான் எவ்லாம்பி. ஓடிப்போய்ப் பார்த்தால், ஆல்டர் புதருக்குள் துப்பாக்கி கிடந்தது, இலைகளில் ரத்தமும் பழுப்பு மயிரும் ஒட்டியிருந்தன. அவருடைய மேல்சட்டை ஒரு கிளையில் மாட்டியிருந்தது, கிழியாமல், பொத்தான் போட்டபடி. குளிரில் விறைத்துச் சாகிறவன் சில சமயம் சட்டையைக் கழற்றிவிடுவான் என்று தேட வந்த அதிகாரி சொன்னார். பொத்தானைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பனி விழும்வரை தேடினார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நட்டார். அதற்குக் கீழே யாருமில்லை.

சனிக்கிழமை மாலை லூகெரியா வழக்கம்போல நீராவிக் குளியலுக்குக் கொட்டிலில் அடுப்பு மூட்டினாள். வீட்டுக்குப் பின்னால் ஸ்பிரிடன் கட்டிய சின்னப் பலகைக் கொட்டில் அது. அடுப்பின் மேல் அடுக்கிய கல் சிவந்ததும் விளக்கைத் தணித்துவிட்டு மேல்பலகையில் ஏறி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கல்லில் ஊற்றிய தண்ணீர் சீறி அடங்கியது, ஈரப் பலகையும் பிர்ச் இலையும் புகையும் கலந்த மணம் எழுந்து மூக்கை நிறைத்தது, கூரையில் மழை மெல்லிய விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் வேறொரு சத்தம் ரொம்ப நேரமாகவே இருந்துகொண்டிருப்பதை அவள் மெதுவாக உணர்ந்தாள்.

மூச்சு.

நீளமாக உள்ளே போய், நின்று, நீளமாக வெளியே வரும் மூச்சு. அவளுடைய முதுகுக்குப் பின்னால். ஒரு பலகை கனத்துக்கு அப்பால்.

அவள் அசையவில்லை. வெளியிலிருந்து ஒரு பெரிய பாரம் சாய்ந்ததில் சுவர் லேசாக உள்ளே வளைந்து அவள் தோளைத் தொட்டது. ஈரமயிரின் வாடை வந்தது, அழுகிய மீனும் மண்ணும் சேர்ந்த வாடை. உறுமல் இல்லை. பிறாண்டல் இல்லை. சூட்டுக்காகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் மூச்சை அடக்கினாள். வெளியேயும் மூச்சு நின்றது. அவள் விட்டாள். வெளியேயும் விட்டது.

கல் ஆறிக் குளிர் ஏறும்வரை அவள் அப்படியே இருந்தாள். பிறகு சுவர் நிமிர்ந்தது.

விடிந்ததும் எவ்லாம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கல்யாணம் கட்டிக்கொள்ளாதவன், மீன்படகு வைத்திருந்தான், அண்ணன் போன பிறகு அண்ணிக்கு விறகும் எண்ணெயும் கேட்காமலே கொண்டுவந்து போடுகிறவன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், மூச்சு நின்றதை மட்டும் விட்டுவிட்டு. அவன் காபியைக் கீழே வைத்தான். இது சரியில்லை என்றான். மனுஷ வாடைக்குப் பழகி, பயம் விட்டுப்போன கரடி. இன்றைக்குச் சுவர், நாளைக்குக் கதவு. உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் சுட அனுமதி உண்டு, தோலையும் மண்டையோட்டையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் போதும். தானே வந்து இருப்பதாகவும், ஆனால் அவள் கையிலும் துப்பாக்கி இருந்தாக வேண்டும் என்றும் சொன்னான்.

அவள் பையிலிருந்து, வீட்டில் மிச்சமிருந்த ஸ்பிரிடனின் தோட்டாக்களை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் ஒன்றை எடுத்து நகத்தால் அதன் மூக்கைக் கீறினான். ஈயம் வெண்ணெய் மாதிரிக் கீறல் வாங்கியது.

"இது மானுக்கானது அண்ணி. லேசான குண்டு, வேகமாப் போகும், பட்ட உடனே பூவா விரிஞ்சிடும். அவர் தோள் எலும்பு உங்க தொடைத் தடிமன் இருக்கும், அதுக்கு மேல ஒரு சாண் கொழுப்பு. இது எலும்புல பட்டுச் சிதறிடும். உள்ள போகாது."

"உங்க அண்ணன் சுட்டது இதுலதானா?"

"மானுக்குத்தானே போனோம்" என்றான் எவ்லாம்பி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

சிதறினால் அப்புறம் என்னாகும் என்று கேட்டாள். சாகாது என்றான். வலியோடு புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சிலது நாள்கணக்கில் கிடந்து சாகும். சிலது அந்தக் காயத்தோடேயே குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்து வரும்.

அவன் அலமாரியிலிருந்து தன் பெரிய துப்பாக்கியை எடுத்தான். குழல் அளவு முன்னூற்று எழுபத்தைந்து. யானைக்கென்று செய்த அளவு அது. கடற்கரையில் ஒதுங்கிய கட்டை ஒன்றைக் காட்டி அவளைச் சுடச் சொன்னான். அது உதைத்த உதையில் அவள் கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்; குண்டு தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது.

"குறி அந்தக் கட்டை, அண்ணி. கடல் நமக்கு ஒண்ணும் பண்ணலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. ஆனால் இரண்டாவது தடவை விசையை இழுக்குமுன்பே அவள் கண்ணை மூடிக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். துப்பாக்கிக்குப் பயப்படுகிறவர் கையில் எவ்வளவு பெரியது இருந்தும் பிரயோஜனமில்லை என்றான். பெரிய துப்பாக்கியால் கரடியைத் தொடையில் சுடுவதைவிட, கைக்கு அடங்கிய துப்பாக்கியால் நெஞ்சில் சுடுவது மேல்.

"அப்போ அவரோடதை எடு" என்றாள்.

ஸ்பிரிடனின் துப்பாக்கி எவ்லாம்பியின் கட்டிலுக்கடியில் எண்ணெயிட்ட துணியில் சுற்றிக் கிடந்தது. அவள் அதைத் தோளில் வைத்ததும் அது அங்கே பொருந்தியது. கல்யாணமான புதிதில் இதே கரையில் அவர்தான் அவளுக்கு இதில் சுடக் கற்றுக்கொடுத்திருந்தார். எவ்லாம்பி அதற்கு வேறு தோட்டாக்களைக் கொண்டுவந்தான். மான் குண்டைவிட நீளமானவை, மூக்கு மழுங்கியவை, தடித்த செம்பு உறை போட்டவை. குண்டின் எடை இருநூற்றிருபது கிரெயின். மெதுவாகப் போகும், ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம்வரை போகும். தலையில் சுடாதீங்க, மண்டை சாய்வு, குண்டு வழுக்கிவிடும். எதிரே நின்றாலும் சுடாதீங்க. பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்க, முன்னங்கால் தோளுக்குக் கொஞ்சம் பின்னால், கீழ்ப்பாதியில். இதெல்லாம் சொல்லிவிட்டு அவள் கையில் ஒன்றை வைத்தான். அந்தச் சின்னப் பொருளுக்கு அந்தக் கனம் அதிகமாகத் தோன்றியது.

"வலிக்குமா?"

"தோள்லதானே? இது அவ்வளவா உதைக்காது."

"எனக்கில்ல."

எவ்லாம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் எதையோ புரிந்துகொண்டான், அல்லது புரிந்துகொள்ள மறுத்தான்.

"சரியான இடத்துல பட்டா, தெரியறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றான்.

அவன் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து படுத்துக்கொண்டான். காற்று அடித்தது, மழை பெய்தது, கரடி வரவில்லை. பிறகு ஒரு பிற்பகல் காற்று முழுவதுமாக நின்று கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்தது. முதலில் படகுத்துறை மறைந்தது, பிறகு தேவாலயத்தின் நீலக்கூரை, பிறகு வேலி. கடல் ஓதம் ஏறுகிறது, படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எவ்லாம்பி கீழே இறங்கிப் போனான். அவன் பூட்ஸ் சத்தம் கூழாங்கல்லில் கொஞ்ச தூரம் கேட்டு, பஞ்சுக்குள் போனதுபோல அமுங்கிப்போனது.

லூகெரியா பின்வாசல் படியில் துப்பாக்கியோடு உட்கார்ந்தாள். கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரின் சத்தம் அவளுக்குக் கேட்டது, எங்கோ ஒரு காக்கை ஒருமுறை தொண்டையைக் கனைத்தது, புகைக் கொட்டகையின் ஆல்டர் விறகின் புகை பனியோடு கலந்து தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது, அந்தப் புகைக்குள்ளிருந்து அந்த மற்ற வாடையும் மெல்ல வந்து சேர்ந்தது.

காக்கை நிறுத்திவிட்டது.

குளியல் கொட்டிலுக்குப் பக்கத்தில் பனி கொஞ்சம் கறுத்தது. கறுத்தது திரண்டது. திமில். தலை. அது ஓசையில்லாமல் நடந்து வந்து, கொட்டில் சுவரை முகர்ந்து, வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டவர் மாதிரி நின்றது.

பிறகு அவளைப் பார்த்தது.

அவள் துப்பாக்கியை உயர்த்தினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. எதிரே நிற்கிறது. எதிரே சுடாதே. தலையில் சுடாதே. காத்திரு.

கரடி காத்திருந்தது.

சின்னக் கண்கள். ஈரமான மூக்கு. மூச்சு.

அவள் மூச்சும்.

ஒன்றாக.

பிறகு அது திரும்பியது. ஓடுவதற்காக இல்லை. ஒரு காலை எடுத்து, வைத்து, இன்னொன்றை எடுத்து, வைத்து, தன் பக்கவாட்டு முழுவதையும் அவளுக்குக் காட்டி நின்றது. முன்னங்காலை ஒரு எட்டு முன்னால் நீட்டியது. தோளுக்குப் பின்னாலிருந்த இடம் திறந்து கிடந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"மன்னிச்சுடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் சுட்டாள்.

அது கத்தவில்லை. நாளெல்லாம் நடந்து களைத்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. பிறகு பக்கவாட்டில் படுத்தது. அவ்வளவுதான்.

எவ்லாம்பி ஓடிவந்து, கல்லெறிந்து பார்த்து, நீளக் கம்பால் கண்ணைத் தொட்டுப் பார்த்து, முடிந்தது என்றான். இருட்டுமுன் தோலுரித்துவிட வேண்டும். அவள் உள்ளே போகலாம் என்றான். அவள் போகவில்லை, உரிக்க வசதியாகக் கரடியின் காலைப் பிடித்துக்கொண்டாள். கத்தி போகப்போக, ஈரத் துணியைப் பலகையிலிருந்து உரிக்கும் சத்தத்தோடு தோல் விலகிக்கொண்டே வந்தது. தோலுரித்த கரடி மனிதனைப் போலிருக்கும் என்பது அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. நீண்ட வெளிறிய தொடைகள், சரிந்த தோள்கள், வயிற்றின் சுருக்கம்.

குண்டு போன வழியைப் பார்க்க எவ்லாம்பி நெஞ்சைத் திறந்தான். இதயத்தை அறுத்து எடுத்துப் புல்லில் வைத்துக் காட்டினான். மேல்பாதி முழுவதும் கிழிந்திருந்தது.

"ஒரே குண்டு அண்ணி. கஷ்டப்படல."

தோலைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கத்திகளைக் கழுவ ஓடைக்குப் போனான். பத்தடி தூரம்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

லூகெரியா புல்லில் உட்கார்ந்தாள். நகத்தோடு தோல் போய்விட்ட அந்த முன்னங்கை அவள் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. ஐந்து விரல்கள். உள்ளங்கை. சிலுவைக்கு முன்னால் நின்றபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது, சத்தமில்லாமல், நிற்காமல். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். போங்க, என்றாள். இனிமே குளிராது, போய்த் தூங்குங்க, என்றாள்.

விரல்கள் மூடின.

அவள் எவ்லாம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். புல்லில் இருந்த இதயத்தின் மேல் பனித்துளி இறங்கியிருந்தது. அதிலிருந்து இப்போது ஆவிகூட எழவில்லை. அந்தக் கை அவள் கையைப் பிடித்திருந்தது. இறுக்கமாக இல்லை, தூக்கத்தில் பிடிப்பது போல. பிறகு மெல்ல, மிக மெல்ல, திறந்து கிடந்த நெஞ்சின் வெற்றிடத்தை நோக்கி அவள் கையை இழுக்கத் தொடங்கியது.