தொப்பிக்குள் இருந்தவர்

தன் கட்டுரையை நிராகரித்திருந்த மதிப்புரையைத் தில்லைநாயகம் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கோபம் வந்தது, அதைவிட அதிகமாகக் குழப்பம் வந்தது. எழுதியவர் யாரோ, அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

'மண்ணில் உப்பு ஏற ஏற ஒரு கட்டத்தில் விளைச்சல் மடங்கி விழ வேண்டும். இங்கே விழவில்லை. கருகிப்போன வயல்கள் குறைந்தது மூன்று இருந்திருக்கும். மாடு மேய்ந்துவிட்டது என்று சொல்லி அவற்றை ஒதுக்கியிருப்பார்கள்' என்று இருந்தது.

மூன்று வயல்கள்தான். மாடு என்றுதான் அவரும் சாக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் கட்டுரையில் மாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கட்டுரையைப் பொறுத்தவரை அந்த வயல்களே கிடையாது. வேதாரண்யம் கடலோரத்தில், உப்பு நிலத்துக்கென்று அவர் உருவாக்கிய உவர்நெல் அந்த வயல்களில் கருகியது அவருக்கும் உதவி ஆய்வாளர் ஜெசிந்தாவுக்கும் மட்டுமே தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவர்போல வேறொருவர் எப்படி எழுத முடியும்?

எழுதியது யார் என்று கேட்டு அறியவும் வழியில்லை. தன்மறைப்பி என்ற தொப்பி வந்தபின் மதிப்புரை எழுதியவருக்கே அது தெரியாது. ஆய்விதழ் அலுவலகத்தில் அந்தத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தால், படித்ததும் பழகியதும் அப்படியே இருக்கும். 'நான்' மட்டும் கழன்றுவிடும். தன் பெயர் தெரியாது, வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது. தொப்பியைக் கழற்றிய பிறகு, என்ன படித்தோம், என்ன எழுதினோம் என்பதும் மறந்துபோகும். நண்பருக்கு ஒரு நியாயம், போட்டியாளருக்கு ஒரு நியாயம் என்று காலங்காலமாக நடந்த கூத்துக்கு முடிவு கட்டிவிட்டதாக இதழ்கள் மார்தட்டிக்கொண்டன. தனக்குச் சம்பந்தப்பட்டவரின் கட்டுரையை மதிப்பிடக் கூடாது என்ற பழைய விதியையும் தூக்கிப்போட்டார்கள். சம்பந்தமே நினைவில் இல்லாதவருக்கு அந்த விதி எதற்கு? எந்தத் துறையில் யார் கெட்டிக்காரரோ அவரை இதழின் கணிப்பொறியே தேடி அழைத்தது.

தில்லைநாயகம் கெட்ட மனிதர் இல்லை. முடிவுக்கு ஒவ்வாத வயலை மாட்டின் தலையில் கட்டுவது அவர்கள் துறையில் எல்லாரும் செய்கிற காரியம். அவருக்கும் அது வழிவழியாக வந்ததுதான். கட்டுரை வெளிவந்தால் அடுத்த பட்டத்துக்கே கடலோர விவசாயிகளுக்கு விதை போய்விடும். நல்ல காரியத்துக்காகச் செய்த சின்ன ஒழுங்குபடுத்தல் என்று அவர் தன்னைத் தேற்றியிருந்தார். இப்போது அது சின்னதாகத் தெரியவில்லை.

வயலுக்குத் தேநீர் கொண்டுவந்தவரைச் சந்தேகித்தார். வாகன ஓட்டியைச் சந்தேகித்தார். தூக்கத்தில் தானே உளறினோமோ என்றுகூட யோசித்தார். கடைசியில் எல்லாம் ஜெசிந்தாவிடமே வந்து நின்றது. மாடு எதுவும் வரவில்லையே என்று அன்று வரப்பில் நின்று கேட்டவள் அவள்தான். கூப்பிட்டு விட்டார்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல சார். சொல்லியிருக்கணும்னு இப்பத் தோணுது."

இந்த இரண்டாவது வாக்கியம் போதுமாக இருந்தது அவருக்கு. மதிப்புரை முழுப் பொய், ஆய்வகத்துச் செய்தியைத் திரித்து ஜெசிந்தா வெளியே விட்டிருக்கிறாள் என்று இதழின் நெறிக்குழுவில் புகார் கொடுத்தார். நிரூபணமானால் அவளுடைய ஆய்வுரிமை போய்விடும். அதன்பின் எந்த ஆய்வகமும் அவளை வாசற்படி ஏற்றாது. விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வரக் கூடாது என்று உத்தரவானது. அவள் நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பொய் சொல்லக்கூடியவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். சொல்லாமல் எப்படி வெளியே போயிருக்கும் என்பதுதான் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து யோசித்தால் தலை கிறுகிறுத்தது.

விசாரணையன்று முதன்மை ஆசிரியர் சௌந்தரவல்லி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா ஓரத்து நாற்காலியில் இருந்தாள். புகார் வந்தால் மட்டுமே மதிப்புரைஞரின் பெயரைத் திறக்கலாம் என்பது விதி. திறந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் தில்லைநாயகம்.

சௌந்தரவல்லி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தில்லைநாயகத்தின் பக்கம் திருப்பினார்.

"சார், இது நீங்க எழுதினது."

தில்லைநாயகம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஐப்பசியில் அவரை ஒரு மதிப்புரைக்கு அழைத்திருந்தார்கள். போனார், காப்பி குடித்தார், தொப்பிக்குள் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்று முழுக்கக் காரணமே இல்லாமல் மனம் கனத்துக் கிடந்ததும், இரத்த அழுத்தம் என்று மாத்திரை போட்டுக்கொண்டதும் இப்போது நினைவுக்கு வந்தன. உவர்நெல்லில் அவரை விட்டால் ஆள் இல்லை, பொறி அவரையே அழைத்திருக்கிறது. பழைய விதியைத் தூக்கிப்போட்டவர்கள் நண்பரை நினைத்தார்கள், எதிரியை நினைத்தார்கள். ஒருவர் கட்டுரை அவரிடமே வந்து சேரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

என்னவென்று தெரியாமல் எழுதியிருப்பேன் என்று அவர் மென்று விழுங்கினார்.

"கட்டுரையும் நீங்க எழுதினது, மதிப்புரையும் நீங்க எழுதினது," என்றார் சௌந்தரவல்லி. "ரெண்டும் உண்மையா இருக்க முடியாது சார். எது பொய்னு நீங்களே சொல்லுங்க."

கட்டுரையை மெய் என்றால் அவர் பொய்யான மதிப்புரைஞர். மதிப்புரையை மெய் என்றால் அவர் பொய்யான ஆய்வாளர், போதாததற்குப் பொய்ப் புகாரும் கொடுத்தவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவரே நின்றார். ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதிப்புரைதான் சரி," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

குழு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தது. ஜெசிந்தாமேல் குற்றமில்லை. தில்லைநாயகம் ஐந்து ஆண்டுகள் எந்த இதழிலும் எழுதக் கூடாது. கூடவே இன்னொன்றையும் சௌந்தரவல்லி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். எழுதியவர் தனக்கேகூடச் சலுகை காட்டாத இப்படி ஒரு மதிப்புரை இதுவரை வந்ததில்லையாம். விதிப்படி இந்த ஆண்டின் சிறந்த மதிப்புரைஞர் விருது அவருக்குத்தான். தண்டனைக்குத் தலைகுனிவதா, விருதுக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் அவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

வராந்தாவில் ஜெசிந்தாவை எட்டிப் பிடித்தார். தப்பு செய்துவிட்டேன் என்று நேராகவே சொன்னார். திரும்பி வா, எல்லா வயலையும் சேர்த்து உன் பெயரிலேயே எழுது, நான் கூட நிற்கிறேன் என்றார்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பவள்போலத்தான் கேட்டாள்.

"அந்தத் தொப்பிக்குள்ள இருந்தாரே சார், அவர்கிட்டன்னா நாளைக்கே வேலைக்கு வர்றேன். அவர் இருப்பாரா?"

இருப்பார் என்று சொல்லத் தில்லைநாயகம் வாயெடுத்தார். ஆனால் அந்த மனிதரை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் சார்பில் எப்படி வாக்குக் கொடுப்பது என்று விளங்காமல் நின்றார்.